மூன்று மரை

புரட்டாசி சனியன்று படையலுக்கு முன்பே அப்பளம் திருடித் தின்று அக்கா சீதாலெட்சுமியிடம் குட்டு வாங்குவது சபாபதிக்கு வழக்கம். இருபத்தாறு வயதாகியும் விடவில்லை. தீபாவளி கழித்து இந்திராவோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அப்போதும் விடவில்லை. அன்றைக்கு அப்பளத் தட்டு அவன் முழங்காலை இடித்துக்கொண்டு இருந்தும் கை நீளவில்லை. சமையலறைத் தரையில் குந்தியபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சீதாலெட்சுமிக்கு முதலில் அது கண்ணில் படவில்லை. அவள் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சாம்பார் இறக்கியாயிற்று, உருளைக்கிழங்கு வறுத்தாயிற்று, பாயசம் கொதிக்கிறது. ஜன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. சுமத்ராவில் காடு எரிந்து கிளம்பிய புகை, ஒரு மாதத்துக்கு மேலாக இங்கே மலேசியாவில் ஸ்ரீ கெம்பாங்கானை விட்டுப் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது. எதிர் பிளாட் தெரியாது. காயப் போட்ட துணி நாறும். ஜன்னலைத் திறந்தால் புகை, சாத்தினால் தாளிப்பு நெடி. எந்தப் பக்கம் போனாலும் கண் எரிச்சல்தான். இந்த லட்சணத்தில் ரேடியோவில் தினமும், 'பொதுமக்கள் வீட்டிலேயே இருங்கள்' என்று உபதேசம் வேறு. வீட்டிலேயே இருந்தால் சம்பளத்தை யார் கொண்டுவந்து தருவார்களாம்?

குளியலறையில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்டது. அவள் கணவர் ஜெயராஜ் அரை நாள் வேலை முடிந்து வந்து குளிக்கிறார். அவர் வந்து கற்பூரம் காட்டினால்தான் இலை போட முடியும். அவரும் சபாபதியும் ஒரே பட்டறையில் வேலை. சின்னப் பட்டறை, முதலாளி ஒரு சீனத் தவுக்கே. கம்ப்யூட்டரில் ஓடும் மில்லிங் மெஷினுக்குப் புரோகிராம் போட்டுக் கொடுப்பது ஜெயராஜ். அதை ஓட்டுவது சபாபதி. மச்சினனைச் சேர்த்துவிட்டதும் ஜெயராஜ்தான். அதற்கு முன் இரண்டு இடங்களில் வேலையை விட்டவன் அவன். விட்டவன் என்று மரியாதைக்குச் சொல்வது, விரட்டப்பட்டவன்.

"என்னடா மூஞ்சி தொங்கிப் போயிருக்கு? இந்திரா வீட்டுல ஏதும் சொன்னாங்களா?"

"இல்லக்கா."

"காச்சலா? இந்தப் பொகைக்கு ஊரே இருமிக்கிட்டுக் கெடக்கு. வாய்க்குத் துணி கட்டிக்கிட்டுப் போன்னா கேக்கறியா?"

"அக்கா, ஒண்ணு சொல்றேன். மச்சான்கிட்ட சொல்லக்கூடாது."

"மொதல்ல நீ சொல்லு."

"சத்தியம் பண்ணு."

சீதாலெட்சுமி கரண்டியை வைத்துவிட்டு அவன் தலையில் கை வைத்தாள். தாய் செத்தபோது அவனுக்கு ஏழு வயது. அன்றிலிருந்து அவன் கேட்டு அவள் இல்லை என்றது குறைவு.

"நேத்து டேப்பு ஒடஞ்சு போச்சுக்கா."

டேப் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். இரும்பில் துளை போட்ட பிறகு, திருகாணி ஏறுவதற்காக உள்ளே மரை வெட்டுகிற கருவி. ராத்திரிச் சாப்பாட்டில் ஜெயராஜ் அதைப் பற்றிப் பேசிப் பேசியே அவளுக்கு மனப்பாடம். ஒரு சுற்றுக்கு ஒரு மரை என்று மெஷின் கணக்குத் தப்பாமல் டேப்பை இறக்குமாம், அதே கணக்கில் திரும்பச் சுற்றி ஏற்றுமாம், ஒரு மயிரிழை பிசகாதாம். 'உங்க மெஷினுக்குத் துணி துவைக்கத் தெரியுமா?' என்று கேட்டு அவர் வாயை அடைப்பாள்.

"ஒடஞ்சா என்னடா? தவுக்கே ரெண்டு நாளு கத்துவாரு. யாரு ஒடைக்காம இருக்கா?"

"ஓட்டைக்குள்ளயே மாட்டிக்கிச்சு. என்ன பண்ணியும் வரல. மேல மூணு திரெட்டு, மூணு மரை மட்டும்தான் மிச்சம். அதும் பிஞ்சு போன திரெட்டு."

"தவுக்கேகிட்ட சொன்னியா இல்லையா?"

"எப்படிக்கா சொல்லுவேன்? நம்ம வெள்ளிக் காசு மதிப்பு எறங்குனதுலருந்து வேலையே வரல. போன மாசம்தான் ரெண்டு பேர நிப்பாட்டுனாரு. இனிமே எவன் இரும்பு பிளேட்டக் கெடுக்கறானோ அவனும் போவான், அவனக் கொண்டாந்து சேத்தவனும் போவான்னு எல்லாரு முன்னாடியும் சொன்னாரு. மச்சான் வேலையும்லக்கா போவும்."

"சரி, அந்த இரும்ப என்னதான் பண்ணின?"

சபாபதி தரையைப் பார்த்தான். "அது தூக்கற ஓட்டைக்கா. தலையில வளையம் வெச்ச போல்ட்டு அதுல போடுவாங்க. கிரேன் கொக்கிய அந்த வளையத்துல மாட்டித்தான் பிளேட்டத் தூக்கணும். போல்ட்டு முழுசா எறங்கல. தூக்கிக்கிட்டு நின்னுச்சு. பாத்தா தெரிஞ்சிரும். அதான் போல்ட்டோட கால அறுத்துட்டேன். குட்டையாக்கி, கிரைண்டர்ல மழுக்கி, திருகி வெச்சிட்டேன். இப்ப பாத்தா முழுசா எறங்குன மாதிரியே இருக்கும்."

ஊறுகாய் பாட்டிலின் மூடி மரை பிடிக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும். நம்பித் தூக்கினால் மூடி கையில் வரும், பாட்டில் தரையில் நொறுங்கும். சீதாலெட்சுமிக்கு அவன் சொன்னது அப்படித்தான் புரிந்தது. சரியாகத்தான் புரிந்தது.

"எம்மாங் கனம்டா அது?"

"அரை டன்னுக்கு மேல."

"இப்ப எங்க இருக்கு?"

"கிள்ளானுக்குப் போயிருச்சு. மத்தியானம் ஃபோர்க்லிஃப்டால அடியில குடுத்து லோரில ஏத்தியாச்சு. பண்டமாரான்ல ஒரு பிளாஸ்டிக் கம்பெனி. மூணு மணி ஷிஃப்டுக்கு அவங்க மெஷின்ல தூக்கி மாட்டுவாங்க."

"தூக்கறப்ப கீழ ஆளு இருப்பாங்களா?"

"கிரேன்காரனுங்களுக்குப் பழக்கம்க்கா. பாத்துக்குவானுங்க."

"இருப்பாங்களா, இருக்க மாட்டாங்களாடா?"

"இருப்பாங்க," என்றான் சபாபதி. "ஆடாம கையால புடிக்கணும்ல."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு மணி அடிக்கப் போகிறது. சீதாலெட்சுமி அடுப்பை அணைத்தாள். பொய் சொல்லக் கூடாது, ஒரு கணம் அவளுக்கும் அந்த எண்ணம் வந்தது. மூன்று மரையே தாங்கிவிட்டால்? தாங்கிவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இவன் கழுத்தில் மாலை விழும், அவர் வேலைக்குப் போவார், திங்கட்கிழமை திங்கட்கிழமையாக வரும். அந்த எண்ணம் வந்ததற்காக அவளுக்கே அவளைப் பிடிக்கவில்லை. நேரே போய்க் குளியலறைக் கதவை இரண்டு கையாலும் தட்டினாள்.

"ஏங்க! வெளிய வாங்க! சீக்கிரம்!"

"அக்கா, சத்தியம் பண்ணுனியே!"

"அந்தப் பாவம் என்னைச் சேரட்டும். நீ வாய மூடு."

ஜெயராஜ் இடுப்பில் துண்டோடு, தலையில் சோப்பு நுரையோடு வந்தார். அவள்தான் சொன்னாள், மூச்சு விடாமல். சொல்லி முடிக்கிற வரைக்கும் அவர் அசையவில்லை. முடிந்ததும் மச்சினனின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். ஈரக் கை, சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

"புது டேப்பு ஒரு பொட்டி வாங்கி வெச்சிருந்தேனேடா, அது ஒடையாதே! பழசு மொன்னையாப் போச்சுன்னு நான்தானே குப்ப டின்னுல கடாசுனேன்? அத எதுக்குடா எடுத்து மாட்டுன?"

"புதுசு சாமிகிட்ட இருந்துச்சு மச்சான்."

ஜெயராஜின் கை அப்படியே நின்றது.

முதல் நாள் வெள்ளிக்கிழமை ஆயுத பூசை. பட்டறையில் அது ஜெயராஜின் ராஜ்ஜியம். மெஷினுக்கு மாலை, வாழைக்கன்று, சந்தனம், குங்குமம். தவுக்கேயும் வந்து நெற்றியில் திருநீறு வாங்கிக்கொண்டு போவார், வியாபாரம் பெருகும் என்றால் அவர் எந்தச் சாமியையும் விடமாட்டார். புதிதாக வந்த டேப் பெட்டியை ஜெயராஜே சரஸ்வதி படத்துக்கு முன் தாம்பாளத்தில் வைத்துச் சந்தனப் பொட்டு இட்டார். 'நாளைக்குக் காலைல கற்பூரம் காட்டி எடுக்கற வரைக்கும் ஒரு பய இதுல கை வெக்கக்கூடாது' என்று உத்தரவு போட்டார். சுண்டல் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். 

"நீங்க போனதுக்கப்புறம் தவுக்கே வந்தாரு மச்சான். நாளைக்கு மத்தியானம் லோரி வருது, ஒரே ஒரு ஓட்டைதான் பாக்கி, அஞ்சு நிமிஷ வேலை, போட்டு முடின்னாரு. மெஷின் மாலைய எடுத்துட்டு ஓட்டுனேன். அதுக்கே ஒடம்பு நடுங்குச்சு. சாமி முன்னாடி வெச்சத எப்படி எடுப்பேன்? நீங்கதானே தொடாதேன்னீங்க."

"ஒடஞ்சது தெரியலயா ஒனக்கு?"

"டக்குன்னு ஒரு சத்தம் மச்சான். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? அது பாட்டுக்குத் திரும்பச் சுத்தி மேல வந்துருச்சு, பாதி டேப்போட. ஸ்க்ரீன்ல எல்லாம் ஓகேன்னு போட்டுருக்கு. நான் மட்டும் நின்னுக்கிட்டு இருக்கேன்."

ஜெயராஜ் நெற்றியில் வழிந்த நுரையைத் துடைத்தார். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, முகம் வெளுத்திருந்தது.

"ஒடஞ்சதுக்கு நான் காரணம். ஒத்துக்கறேன்," என்றார். "போல்ட்ட அறுத்தது யாருடா?"

சபாபதி அறை வாங்கிய கன்னத்தைத் தடவினான்.

"சட்டையப் போடு."

"தவுக்கேக்கு போன் போட்டுக் கேக்க முடியாதாங்க?" என்றாள் சீதாலெட்சுமி.

"அவரு ஈப்போ போயிட்டாரு. கிள்ளான் நம்பரு ஆபீசுல இருக்கு, ஆபீசு பூட்டியாச்சு. கம்பெனி பேரு செங் ஹோ பிளாஸ்டிக். நீ எப்படியாச்சும் நம்பரப் புடிச்சு அடி. பிளேட்டத் தூக்காதேன்னு சொல்லு, அது போதும். யாரு பண்ணா, எப்படிப் பண்ணான்னு ஒரு வார்த்தை பேசாத. நான் போயிப் பேசிக்கறேன்."

தலையில் நுரை காயாமலேயே சட்டையை மாட்டிக்கொண்டு அவர் இறங்கினார். பின்னால் சபாபதி. இரண்டு பேரும் ஈரக் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டார்கள். கப்சாய் மோட்டார் சைக்கிள் இருமி இருமிக் கிளம்பியது. பிளாட் வாசலைத் தாண்டுவதற்குள் புகை அவர்களை விழுங்கிவிட்டது. விளக்கைப் போட்டுக்கொண்டு போங்கள் என்று மேலிருந்து கத்தினாள். காதில் விழுந்திருக்காது.

வீட்டில் போன் கிடையாது. கீழே பொது போனின் ரிசீவரை எந்தப் புண்ணியவானோ அறுத்துக்கொண்டு போயிருந்தான், வயர் மட்டும் தொங்கியது. சீதாலெட்சுமி ராதாகிருஷ்ணன் மளிகைக் கடைக்கு ஓடினாள். ஓடி ஓடிப் புகையை விழுங்கி, கடை வாசலில் பேச்சு வரவில்லை. ராதாகிருஷ்ணன் நெத்திலி நிறுத்துக்கொண்டிருந்தார். அவருடைய போனில் சின்னப் பூட்டு ஒன்று தொங்கும், சாவி அவர் அரைஞாணில் இருக்கும். பெற்ற பிள்ளை கேட்டாலும் யோசித்துத்தான் திறப்பார்.

"அண்ணே, போன். கிள்ளானுக்கு."

"பில்லு ஏறுதும்மா. அங்க மூலைல பப்ளிக் போன்..."

"அண்ணே, ஒருத்தர் செத்துருவாரு!"

ராதாகிருஷ்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். "நம்பரு தெரியலன்னா நூத்தி மூணுக்கு அடிம்மா. அவன் சொல்லுவான்," என்று சொல்லி, பென்சிலையும் நெத்திலி மடிக்கிற தாளையும் தள்ளிவைத்தார்.

நூற்று மூன்று மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தவள் பேரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னாள். பத்து வருஷத்துக்கு முன் எலக்ட்ரானிக் கம்பெனியில் லைன் வேலை பார்த்தபோது படித்த இங்கிலீஷை எல்லாம் சீதாலெட்சுமி கூட்டிச் சேர்த்துச் சொன்னாள். நம்பர் கிடைத்தது. அடித்தாள். எங்கேஜ். மறுபடியும் எங்கேஜ். மூன்றாவது தடவை மணி போயிற்று, யாரும் எடுக்கவில்லை. சாப்பாட்டு நேரம். கடைக் கடிகாரம் ராதாகிருஷ்ணனைப் போலத்தான், ஓர் அணு கூட விட்டுக்கொடுக்காமல் நகர்ந்தது. வாங்க வந்தவர்கள் நெத்திலியை மறந்து அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"விடாத, அடிச்சுக்கிட்டே இரும்மா," என்றார் ராதாகிருஷ்ணன். "பில்லு கெடக்குது லா."

மூன்றுக்குக் கால் மணி இருக்கும்போது எடுத்தார்கள். சீனப் பெண் குரல். வாயில் எதையோ மென்றுகொண்டே, பாஸ் இல்லை, திங்கட்கிழமை கூப்பிடு என்றது மலாயில்.

"போன வெக்காதீங்க!" என்று தமிழிலேயே கத்தி, அப்புறம் மலாய்க்கு மாறினாள் சீதாலெட்சுமி. "ஜாங்கான் ஆங்காட்! அந்த இரும்பு பிளேட்டு, இன்னைக்கு லோரில வந்தது, ஜாங்கான் ஆங்காட்! பாஹாயா! ஆள் செத்துரும்! போல்ட்டு தா பாகுஸ், போல்ட்டு கெட்டுப்போச்சு!"

தூக்காதே, ஆபத்து. இதைத் தவிர வேறு எதுவும் அவளுக்கு வாயில் வரவில்லை. அந்தப் பக்கம் மெல்லுகிற சத்தம் நின்றது. "ஐயோ," என்றாள் அந்தச் சீனப் பெண், தமிழர்களோடு வேலை பார்த்துப் பழகியவள் போல. "இப்பதான் ஆங்காட் பண்றான்."

ரிசீவர் மேசையில் விழுந்தது. செருப்பு ஓடும் சத்தம்.

சீதாலெட்சுமி ரிசீவரைக் காதோடு சேர்த்து அழுத்தினாள். தூரத்தில் ஒரு மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே சங்கிலி கிலுகிலுவென்றது. அதுதான் கிரேன் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 'நிறுத்து, நிறுத்து' என்று அவள் உதடு மட்டும் அசைந்தது. கோவிந்தா என்று கூப்பிட வேண்டிய நாள், அந்தப் பேர் கூட நினைவுக்கு வரவில்லை. உறுமல் தொடர்ந்தது. யாரோ கத்தினார்கள். உறுமல் நின்றது.

நின்றது எதனால்? கத்தினதாலா, தூக்கி முடிந்ததாலா, விழுந்துவிட்டதாலா? விழுந்தால் சத்தம் கேட்டிருக்காதா? அரை டன் இரும்பு விழுந்தால் கடையே அதிராதா? அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ரிசீவரோடு அரிசி மூட்டையின்மேல் உட்கார்ந்தாள். ராதாகிருஷ்ணன் ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார், அவள் வாங்கவில்லை. மறுபடியும் மோட்டார் உறுமியது, இந்தத் தடவை கொஞ்ச நேரம்தான். அப்புறம் இரும்பு இரும்போடு மெதுவாக உட்காருகிற சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. நெடுநேரம் ஒன்றுமே இல்லை.

"ஹலோ."

ஆண் குரல். தமிழ்க் குரல். மூச்சு வாங்கியது.

"சொல்லுங்கண்ணே, யாருக்கும் ஒண்ணும் இல்லையே? ஒண்ணும் ஆவலையே?"

"ஆவலக்கா. ஒரு ஜாண் தூக்கியிருந்தான். நான் கீழ படுத்துக்கிட்டு இருந்தேன், அடியில முட்டுக் கட்டை தள்ளறதுக்கு. ஆபீஸ் பொண்ணு மே லிங் வந்து ஜாங்கான் ஆங்காட்னு கத்துது, கால புடிச்சு இழுக்குது. எனக்கு ஒண்ணும் புரியல."

கையில் எதையோ திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது அவர் பேச்சு.

"இந்த போல்ட்டு இப்ப என் கைலதான் இருக்கு. மூணு சுத்துல வந்துருச்சுக்கா. வெறும் கையால கழட்டுனேன். அறுத்துருக்கானுங்க. கிரைண்டர் போட்டு மழுக்கியிருக்கானுங்க. இது தானா ஒடஞ்சது இல்ல. யாருக்கா இத பண்ணது?"

ஒரு வார்த்தை பேசாதே என்று ஜெயராஜ் சொல்லியிருந்தார். மெஷின் கோளாறு என்று சொல்லலாம். கடையில் வாங்கின போல்ட் என்று சொல்லலாம். எங்களுக்கே இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லலாம், அது பாதி உண்மைகூட. சொன்னால் இந்த மனுஷர் நம்புவார். சீதாலெட்சுமி என்றால் யார் என்று இவருக்குத் தெரியாது, சபாபதி என்றால் யார் என்றும் தெரியாது. ஆனால் ஒரு ஜாண் உயரத்தில் இருந்த இரும்புக்குக் கீழே படுத்திருந்து எழுந்து வந்த ஆள், மரியாதையாக அக்கா என்று கூப்பிட்டுக் கேட்கிறார். அவரிடம் பொய் சொல்ல அவளுக்கு வாய் எழவில்லை.

"என் தம்பி," என்றாள்.

அந்தப் பக்கம் போல்ட்டை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"ஒங்க கூடப் பொறந்த தம்பியா?"

"ஆமாண்ணே. நான் வளத்த புள்ள. வேலை போயிரும்னு பயந்துட்டான்."

"கீழ ஆளு இருக்கும்னு தம்பிக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்ணே," என்றாள் சீதாலெட்சுமி. சொல்லும்போது அவள் குரலே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "யாரோ ஒருத்தர் இருப்பாங்கன்னு தெரியும்."

"யாரோ இல்லக்கா. நாகையா. என் பேரு நாகையா."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். ராதாகிருஷ்ணன் தண்ணீர்க் கோப்பையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"அவன் அங்கதான் வந்துக்கிட்டு இருக்கான்ணே. என் வீட்டுக்காரரோட. வந்தா..." அடித்துவிடாதீர்கள் என்று சொல்ல வந்தாள். அதைக் கேட்க என்ன யோக்கியதை இருக்கிறது என்று பாதியில் நின்றுவிட்டாள். "வீட்டுக்குத் திரும்பி வந்தா ஒங்க பேர அவங்கிட்டச் சொல்றேண்ணே."

"வாசல்ல மோட்டர்சைக்கிள் சத்தம் கேக்குதுக்கா. ரெண்டு பேரு எறங்கறாங்க," என்றார் நாகையா. "நானே சொல்லிக்கறேன்."

அவர் போனை வைக்கவில்லை. மேசைமேல் அப்படியே போட்டுவிட்டு நடந்தார் போலிருக்கிறது. சீதாலெட்சுமி காதை எடுக்கவில்லை. பூட்ஸ் சத்தம் தூரப் போனது. யாரோ நீளமாக இருமினார்கள், அது ஜெயராஜ். "பாஸ், நான் சொல்றேன், நான்தான் அந்த மெஷினுக்கு..." என்று அவர் குரல் தொடங்கியது. அவள் அதை எதிர்பார்த்தாள். பழியைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளத்தான் அவர் அத்தனை வேகமாகப் போனார் என்று அவளுக்கு அப்போதே தெரியும்.

அவரை முடிக்கவிடாமல் இன்னொரு குரல் குறுக்கே வந்தது. புகை அடைத்துக் கரகரத்த குரல், ஆனாலும் அவள் வளர்த்த குரல்.

"மச்சான், நீங்க சும்மா இருங்க. அண்ணே, அத அறுத்தது நான்தாண்ணே. வேணும்னுதான் அறுத்தேன்."

அறை விழுகிற சத்தம் கேட்கவில்லை. சீதாலெட்சுமிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.